டொக்டரின் ஆறாவது கேள்வி

“குடும்பத்தில ஆருக்காவது காயம் ஆறின இடத்தில தழும்பு தடிச்சு வளர்ந்திருக்கா?” என்று டொக்டர் கேட்டிருந்தார்.

“இல்ல டொக்டர். எங்கட ஆக்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்ல” என்று றம்லா சொல்லியிருந்தாள்.

அது ஆறாவது கேள்வி. முதல் ஐந்துக்கும் மகள் ரிஃப்காவே பதில் சொல்லிவிட்டாள். சீனி வருத்தம் இல்லை. ஆஸ்பிரின் குடிப்பதில்லை. வெட்டுப்பட்டால் இரத்தம் சீக்கிரம் நின்றுவிடும். மயக்க ஊசி இதுவரை போட்டதில்லை. பயமும் இல்லை.

ஆறாவதுக்கு மட்டும் அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

ரிஃப்காவின் இடது காதில், தோட்டுத் துளைக்குப் பின்னால் கடுகளவில் ஒரு முண்டு இருந்தது. டொக்டர் அதை விரலால் மறுபடியும் அழுத்திப் பார்த்தார்.

சிலருடைய தோல் அப்படி, தாய் தகப்பன் வழியாக வரும் என்றார். காதின் பின்புறம் கத்தி பட்ட இடத்தில் கட்டி முளைத்து நெல்லிக்காய் அளவுக்கு வளரும். அதை வெட்டினால் இன்னும் பெரிதாக வரும். வீட்டில் யாருக்காவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் கத்தி வைக்கமாட்டேன் என்றார்.

றம்லா தன் பதிலை மாற்றவில்லை.

டொக்டர் “இல்லை” என்று எழுதிக்கொண்டார்.

அது போன மாதம். விரிந்து நிற்கும் காதுகளைப் பின்னால் ஒட்டித் தைக்கிற ஒப்பரேஷன் நாளைக் காலை ஒன்பது மணிக்கு.

மாம்புரி வீட்டில் ரிஃப்கா கொழும்புக்குப் போகப் பை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஆறு கிழமைக்கு இரவில் தலையைச் சுற்றிக் கட்டவேண்டிய பட்டியைக் கழுவிக் காயப்போட்டாயிற்று.

முக்காட்டுக்குள் இருக்கிற காது விரிந்து நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்று றம்லா முன்பு கேட்டபோது, அவள் சிரித்தாள்.

“கலியாணம் முடிஞ்சா முஹ்ஸினுக்குத் தெரியுமே உம்மா. பள்ளிக்கூடத்தில கூப்பிட்ட மாதிரி அவரும் என்னச் சுளகு எண்டு கூப்பிடவா?”

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் றம்லா டொக்டரிடம் போக ஒத்துக்கொண்டாள்.

இப்போது அவள் புத்தளத்தில் பஸ் மாறி, கரைத்தீவில் இறங்கி, மகளின் கலியாணம் சொல்ல வந்ததாகச் சொல்லி, கலியாண வீடுகளில் கண்டு பழகிய ஹஃபீலாவின் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்கிறது.

“கலியாணம் சொல்ல வாற ஆள் கார்ட் இல்லாம வருமா? மறந்துட்டு வந்தீங்களோ, இல்ல எங்களுக்கு இல்லையோ?” என்று ஹஃபீலா சிரித்தாள்.

ஹஃபீலா ஐம்பது கடந்தவள். வீட்டில் ஆம்பிளைகள் இல்லை. கதவும் சாத்தியிருந்தது. இருந்தும் முக்காடு நெற்றியிலிருந்து நாடிவரை ஊசி குத்தி இறுகியிருந்தது.

கலியாண வீடுகளில் பெண்கள் மட்டும் இருக்கும் அறையில் எல்லோரும் முக்காட்டைத் தோளில் விட்டுக் காற்று வாங்குவார்கள். ஹஃபீலா மட்டும் எடுக்கமாட்டாள். நேர்ச்சை என்று சிலர் சொன்னார்கள்.

அப்படியொரு அறையில்தான், பன்னிரண்டு வருடத்துக்கு முன், அவள் தன் கதையைச் சொன்னாள். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, மன்னார்க் கரையில் கைக்குழந்தையை யாரோ ஒருத்தியிடம் கொடுத்தாளாம். மூத்தவனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர, அந்த வள்ளம் போய்விட்டதாம்.

“தாய்க்கும் புள்ளைக்கும் ஒரே காது” என்று சொல்லி முடித்தாள்.

பக்கத்தில் இருந்த றம்லா எழுந்து போய்விட்டாள்.

றம்லா ரிஃப்காவைப் பெறவில்லை.

அன்றைக்கு மன்னார்க் கரையில் மழை. நெரிசலில் ஒருத்தி, “கொஞ்சம் புடிங்க, இந்தா வாறன்” என்று ஒரு குழந்தையை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினாள். நனைந்த முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. வள்ளம் அவளுக்காக நிற்கவுமில்லை.

கல்பிட்டியில் மூன்றாம் நாள், பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு பெண்குழந்தையைத் தேடியது.

கலியாணம் முடித்து ஏழு வருடமாகப் பிள்ளை இல்லாத றம்லா, அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு குழந்தையோடு மாம்புரிக்கு நடந்தாள். புருஷன் நூர்தீன் பின்னால் வந்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்காமலே மவுத்தாகியும் போனான்.

அந்தக் கரையில் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளைத் தவறவிட்டிருப்பார்கள். ஹஃபீலா வேறொருத்தியாகவும் இருக்கலாம். பன்னிரண்டு வருடமாக றம்லாவைத் தூங்கவிட்டது அந்த ஒரு ‘இருக்கலாம்’தான்.

ஹஃபீலாவின் காதைப் பார்த்துவிட்டால் அது முடிந்துவிடும். பார்க்காமல் போனால், அந்த முக்காட்டுக்குள் தடித்த தழும்பு இருந்தாலும் தெரியாமல், நாளை ஒன்பது மணிக்குக் கத்தி வைப்பார்கள்.

றம்லாவின் ஃபோன் அடித்தது.

“எங்க உம்மா இன்னும் காணல்ல? தலையால போடுற சட்டை கூடாதாம், முன்னுக்குப் பொத்தான் உள்ளதாம். உங்கட நீலச் சட்டைய எடுக்கவா?”

“எடுங்க மகள்” என்றாள் றம்லா. அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லத் தோன்றியது. சொல்லாமல் ஃபோனை வைத்தாள்.

“மகளா?” என்று ஹஃபீலா கேட்டாள். “தேடுறாவோ?”

றம்லா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“ராத்தா, அந்த முக்காட்ட எடுத்து, உங்கட காத ஒருக்கா எனக்குக் காட்டுங்க.”