தூக்க இலையும் ஆமையும்

எந்தக் காடு என்று கேட்காதீர்கள். அங்கே ஓர் ஆமை இருந்தது. மனசு சரியில்லாதவர்கள் வந்தால் குளத்தங்கரையில் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்கும். மருந்து கொடுப்பது மட்டும் கீரியின் உரிமை. அதுவோ மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாதம் ஒரு தடவைதான் வரும்.

பத்து நாளாகத் தூங்காத முயல் ஆமையிடம் அழுதது. "கண்ணை மூடினா பருந்து நிழல்தான் வருதுண்ணே. தூக்க இலைச்செடி உங்க பின்னாலதானே இருக்கு? ரெண்டு பறிச்சுக் கொடுங்களேன்."

ஆமையின் கழுத்து செடிப் பக்கம் நீண்டது. இலை தெரியும், அளவு தெரியாது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஒருவழியாகக் கீரி வந்தது. பெரிய வரிசை. முயலின் சிவந்த கண்ணைப் பார்த்ததுமே இலையை நீட்டியது. "தின்னுட்டுத் தூங்கு. அடுத்து யாரு?"

"கொஞ்சம் பொறுங்க," என்றது ஆமை. "அது வயித்துல குட்டி இருக்கு. முந்தாநாள் என்கிட்ட சொல்லுச்சு. இந்த இலை ஆகுமா?"

கீரி இலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தது. "ஆகாது."

"அப்ப எது ஆகும்? எனக்கும் சொல்லிக்கொடுங்களேன்."

"உன் வேகத்துக்குக் கத்துக்கப் பத்து வருஷம் ஆகும்."

"நான் முந்நூறு வருஷம் இருப்பேன்."

கீரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறொரு வேரைக் கிள்ளி ஆமையின் முன்னால் வைத்தது. "இதான் முதல் பாடம். நகக்கண் அளவு, அதுக்கு மேல கூடாது. நீயே கொடு."

முயல் வேரை மென்றபடி மறுபடியும் பருந்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே ஆமையின் ஓட்டில் சாய்ந்து தூங்கிப்போனது.

சாயங்காலம்வரை ஆமை அசையவே இல்லை. வரிசையைப் பார்த்துக் கீரிதான் கிசுகிசுத்தது: "மெதுவாப் பேசுங்கப்பா."