ஐரிஸ் வரும் பக்கங்கள்

"இங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும், மிசஸ் பெல்லமி."

ஹில்டா பேனாவை எடுத்தாள்.

தாளை நீட்டியவள் டெஸ்ஸா. லண்டன் பதிப்பகத்திலிருந்து காலை ரயிலில் ஷ்ரூஸ்பரிக்கு வந்திருந்தாள். பிப்ரவரியில் இறந்துபோன நார்மன் பெல்லமியின் ஆங்கில இலக்கணக் கையேடு எட்டாம் பதிப்பு காணப்போகிறது. அதில் சில மாற்றங்கள். மனைவியின் சம்மதம் வேண்டும்.

ஹில்டா அந்தப் புத்தகத்தை ஒரு நாளும் திறந்ததில்லை. முப்பத்தேழு வருஷமாக அது அவளுக்குச் சக்களத்தி. சாப்பிட்ட கையோடு நார்மன் அதனிடம்தான் போவார். கதவைச் சாத்திக்கொள்வார்.

"என்ன மாத்தப் போறீங்க?"

"பெரிசா ஒண்ணுமில்லீங்க. எடுத்துக்காட்டு வாக்கியத்துல எல்லாம் ஒரே பேரு. படிக்கிறவங்க கேலி பண்றாங்க. வேற வேற பேரா போட்டுடலாம்னு..."

டெஸ்ஸா புத்தகத்தை விரித்து அவள் பக்கம் நகர்த்தினாள். காற்புள்ளியைப் பற்றிய பக்கம்.

'ஐரிஸ், அவளுடைய அம்மாவைப் போலவே, இடது கையால் எழுதுவாள்.'

ஹில்டா தன் இடது கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

பக்கத்தைத் திருப்பினாள். 'ஐரிஸ் லீட்ஸிலிருந்து வந்திருந்தால் அம்மா சந்தோஷப்பட்டிருப்பாள்.'

இன்னொரு பக்கம். ஐரிஸ் இரண்டாவது குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு பதிப்புக்கும் எல்லா வாக்கியத்தையும் மாத்தி எழுதுவாரு" என்று டெஸ்ஸா சிரித்தாள். "பழசுல ஐரிஸ் ஸ்கூலுக்குப் போவா. அப்புறம் காலேஜு, கல்யாணம். யாரு சார் அந்த ஐரிஸ்னு கேட்டா, பேச்சை மாத்திடுவாரு. உங்க சொந்தக்காரப் பொண்ணா?"

ஹில்டா பேனாவை மேசைமேல் வைத்தாள்.

1959 அக்டோபரில் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும், கோட்டைக்கூடக் கழற்றாமல், நார்மன் தொட்டிலைப் பிரித்துப் பரணில் ஏற்றினார். டீ போட்டுக் குடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. அவள் சொன்னாலும் எழுந்து போய்விடுவார்.

கல்நெஞ்சுக்காரன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கடைசி நாளில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவர் கையை நீட்டினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பத்தொம்பது நாள் இருந்தா" என்றாள் ஹில்டா. "எங்க பொண்ணு."

டெஸ்ஸா மேசைமேல் இருந்த தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க. ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டோம்."

ஹில்டாவுக்கு அது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. ஐரிஸ் வருகிற ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தாள். வெளியே ஏதோ லாரி வந்து நின்றது. வெகுநேரம் கழித்துத் தலையை நிமிர்த்தினாள்.

"முதல் பதிப்பு உங்க ஆபீஸ்ல இருக்குமா?"

"இருக்கும். தேடணும். எதுக்குங்க?"

"அறுபத்தொண்ணுல வந்ததுதானே? அப்ப அவளுக்கு ரெண்டு வயசு" என்றாள் ஹில்டா. "பேச ஆரம்பிச்சிருப்பா."