வேற அரசாங்கம்

வெளிநாட்டுத் தூதரகத்துக்குப் போன பில்லில் எட்டு சதவீதம் விற்பனை வரியைச் சேர்த்து எழுதியது சாட்சாத் ஏசிக்காரர்தான். பழியை இறக்கி வைக்க வேறு தலையும் கிடையாது. கடையில் முதலாளி, மெக்கானிக், கணக்குப்பிள்ளை மூன்றும் அவரே.

இன்னொரு நாட்டு அரசாங்கத்திடம் வரி கேட்பது, அடுத்த வீட்டுக்காரரிடம் நம் வீட்டுக் கரண்டு பில்லை நீட்டுவது மாதிரி. தூதரகம் அந்த எட்டு சதவீதத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, வரிவிலக்குச் சான்றிதழையும் பின்னால் குத்தி, பில்லைத் திருப்பி அனுப்பியது.

அதே வாரம், அதே தூதரகத்திலிருந்து அவருடைய விசா விண்ணப்பமும் திரும்பி வந்தது. அதில் வட்டமும் இல்லை, காரணமும் இல்லை.

மகள் அந்த நாட்டில்தான் இருக்கிறாள். பிரசவத்துக்கு மனைவி முன்னாலேயே போய்விட்டாள். பேத்தி பிறந்து ஐந்து வாரம். போனில் வந்த படத்தில் அவள் மூக்கு தன் மூக்கா, சம்பந்தி மூக்கா என்று நேரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் இங்கே தனியாக உப்புமா கிண்டிக்கொண்டிருக்கிறார்.

ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டிவிட்டார். வரி கேட்டோம், விசா போச்சு.

இரண்டாவது பில்லில் வரியை எடுத்தார். மூன்றாவதில் கூலியையும் எடுத்தார். இப்போது அதே தூதரகத்தின் விசா கூடத்தில், கவுண்டருக்கு மேலே, இலவசமாக ஏணியில் நிற்கிறார்.

விசா போனது வரியால்தானா என்று இதுவரை அவர் கேட்காத ஆள் இல்லை. தூதரகக் கணக்கர், மேலே கேட்க வேண்டும் என்றார். வரி அலுவலகத்தில், விதியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மனைவியோ போனில், "கொஞ்சம் குளிர் குறையட்டுமேங்க" என்றாள். குளிரை விற்றே பிழைக்கிறவரிடம் குளிரைக் காட்டிப் பூச்சாண்டி! மகளிடம் கொடு என்றால், குழந்தை இப்போதுதான் தூங்கியிருக்கும். எப்போது கூப்பிட்டாலும் இப்போதுதான் தூங்கியிருக்கும்.

வரி விஷயத்தில் அவர் ஆள் பார்ப்பதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகளுக்குக் கல்யாணமான புதிதில், அவர்கள் இன்னும் இந்த ஊரிலேயே இருந்தபோது, அவள் வீட்டு ஏசிக்கு கேஸ் நிரப்பிக் கொடுத்தார். சம்பந்தி வீட்டார் மொத்தமும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் பில்லை நீட்டினார்.

"கூலி என்னோடது, விட்டுட்டேன் மாப்ளே. வரி கவர்மெண்டோடது!"

மாப்பிள்ளை எழுந்து போய்ப் பணம் எடுத்து வந்து கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள் என்றுதான் ஏசிக்காரருக்கு ஞாபகம். மகள் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"அது இப்ப வேற அரசாங்கம்ங்க. நம்ம சட்டத்த அங்க தூக்கிட்டுப் போகாதீங்க" என்றாள் மனைவி, வரும் வழியில்.

அதற்கும் சிரித்தார். அதையும் கதையோடு சேர்த்துக்கொண்டார். அப்புறம் எந்த விசேஷ வீட்டிலும் அந்தக் கதையை அவர் சொல்லாமல் விட்டதில்லை. சொல்லச் சொல்ல மாப்பிள்ளை பர்ஸைத் தேட எடுத்துக்கொண்ட நேரம் நீண்டுகொண்டே போனது. கடைசியாகச் சொன்னபோது கால் மணி நேரம் தேடினார்.

ஏணியில் நின்றபடியே ஏசி ஃபில்டரைக் கழற்றினார். ஒரு வருஷத்துத் தூசி கீழே கவுண்டர் பெண்ணின் கீபோர்டில் பொத்தென்று விழுந்தது.

"மன்னிச்சிரும்மா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிரு. அந்த வரிதானே காரணம்?"

அவள் தூசியை ஊதினாள். அவரை ஒரு தடவை, ஆட்டம் காணும் ஏணியை ஒரு தடவை பார்த்தாள். விண்ணப்ப எண்ணைக் கேட்டாள். அவருக்கு அது மனப்பாடம். தட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வரிக்காகல்லாம் யாரும் விசாவ நிறுத்த மாட்டாங்க சார். உங்கள வரச் சொல்லி லெட்டர் குடுத்தவங்களே அத வாபஸ் வாங்கிட்டாங்க."

ஏசிக்காரர் ஒரு படி இறங்கினார்.

"மாப்பிள்ளையா?"

"இல்ல சார். கையெழுத்து உங்க பொண்ணோடது."