மயில்கழுத்துக் காசு

முதல் அடி முழங்காலில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவன் தரையில் கிடந்தான்.

வாயை மட்டும் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். குரங்குக் குல்லா முகத்தை மறைக்கும், கையுறை கையை மறைக்கும். குரலை மறைக்க ஒன்றும் கிடையாது. ஒரு வார்த்தை போதும், நான் யாரென்று இவன் கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் போலீஸ், ஜெயில், ஊர் சிரிப்பு.

அதனால் கேள்வியையெல்லாம் இரும்புக் கம்பியாலேயே கேட்டேன். அலமாரியைத் தட்டிக் காட்டினேன். இல்லை என்று தலையாட்டினான். கை மேல் ஒன்று போட்டேன். விரல் ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது.

"ஒண்ணும் இல்லப்பா. வேணும்னா டிவிய எடுத்துட்டுப் போயிடு."

டிவியாம்!

அந்தக் காசு என்னுடையது. பதினோரு வருடமாக ஞாயிறு தவறாமல் நானும் இவனும் பழைய சாமான் கடைகளைக் கிளறியிருக்கிறோம். அன்றைக்கு மூட்டையின் அடியில் முதலில் பார்த்தது நான். பழுப்புக் காகிதத்தில் மடித்துக் கிடந்தது. பல வருடம் காகிதத்துக்குள்ளேயே கிடந்த செம்பு சில சமயம் இப்படி நிறம் மாறும். நடுவில் மயில்கழுத்து நீலம், ஓரத்தில் கத்தரிப்பூ, எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய சிவப்பு. யாராவது மருந்து போட்டு வரவழைத்த நிறமோ என்று பார்க்கப் பூதக்கண்ணாடியைத் தேடினேன். நான் பைக்குள் கைவிட்டுத் துழாவுவதற்குள் இவன் கடைக்காரனிடம் பணத்தை நீட்டிவிட்டான். யார் வாங்கினால் என்ன, வீட்டுக்குள்தானே இருக்கப்போகிறது என்று ஒரு சிரிப்பு வேறு.

அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஒன்று போட்டேன். இந்த முறை தலையில்.

அவன் பார்வை ஒரு நொடி தையல் மிஷின் பக்கம் போய் வந்தது. அது போதுமாயிருந்தது. இழுப்பறையில் நூல்கண்டுகளுக்குக் கீழே, பஞ்சு வைத்த சின்ன டப்பா.

என் கையுறை முரட்டுத் துணி. காசில் கீறல் விழும். கழற்றிப் போட்டேன். இரண்டு விரலால் ஓரத்தை மட்டும் பிடித்து, ஜன்னல் வெயிலில் மெல்லச் சாய்த்தேன். நீலம் வழிந்து கத்தரிப்பூவில் கலந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோய், அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

கீழே முனகல் நின்றுபோயிருந்தது.

திரும்பினேன். ரத்தம் ஒழுகிய கண்ணோடு அவன் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். திருட வந்தவன் எவனாவது காசை இப்படிப் பிடிப்பானா? எங்கள் தெருவில் இப்படிப் பிடிக்கிற ஆட்கள் இரண்டே பேர். ஒருவன் தரையில் கிடந்தான்.

"மச்சான்" என்றான், மெதுவாக. "குல்லாவக் கழட்டிடுங்க. வேர்வை காசு மேல சொட்டிடப் போகுது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

குல்லாவைக் கழற்றினேன். காசைப் பஞ்சின் மேல் வைத்து டப்பாவை மூடினேன். என் தங்கை வேலை முடிந்து வீடு திரும்ப இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

சோபாவில் அவள் உறை தைத்துப் போட்டிருந்த தலையணையை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் மண்டியிட்டேன்.

தலைக்கு வைக்கப்போகிறேன் என்று நினைத்து, அவன் தலையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தான்.