மூன்று சிவப்புத் தையல்கள்

டோர்கஸ் கறுப்பு நூலைத்தான் எடுத்திருக்க வேண்டும். கை சிவப்பை எடுத்துவிட்டது.

மூன்று தையல் விழுந்த பிறகுதான் அவளே அதைக் கவனித்தாள். அதற்குள் தையல் டீச்சர் மிஸ் பார்ஜிட்டர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

பிளிமத் அநாதை இல்லத்தில் பதினோரு வயதானால் ஒவ்வொரு பெண்ணும் ஒரு மாதிரித் துணி தைத்தாக வேண்டும். எழுத்துகள், எண்கள், ஒரு வீடு, இரண்டு மரங்கள், வருடம் 1850. கடைசி வரிசையில் குடும்பத்தாரின் பெயர்களுக்கு முதலெழுத்துகள். இருப்பவர்களுக்குச் சிவப்பு. இறந்தவர்களுக்குக் கறுப்பு.

"அப்பாவுக்குக் கறுப்பு, அம்மாவுக்கு மட்டும் சிவப்பா? கல்லறையிலருந்து எழுந்து வந்துட்டாளாடி?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

தாய், தகப்பன் இருவருமே இறந்திருந்தால்தான் அங்கே இடம். அம்மா லவ்டே பென்ஹேல், காலராவில் இறந்தவள் என்று பதிவேட்டில் இருந்தது. அப்படிச் சொல்லத்தான் டோர்கஸுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

பொய் என்று தெரிந்தால் அவள் மட்டும் வெளியே போகமாட்டாள். பையன்கள் பக்கம் இருக்கும் தம்பி டோபியும் போவான். போன குளிர்காலத்தில் அவன் கால்விரல்கள் நீலமாக இருந்தன. இப்போதுதான் கன்னத்தில் கொஞ்சம் சதை.

"காதுல விழலையா? புதன்கிழமை தர்மகர்த்தாக்கள் வந்து பார்ப்பாங்க. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

டோர்கஸின் கண்கள் கலங்கின. மிஸ் பார்ஜிட்டர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

சலவைக்காரி மிஸஸ் க்ராப் விரிப்புக் கூடையோடு உள்ளே வந்தாள். திங்கட்கிழமைதோறும் வருபவள். கூடையை இறக்கிவிட்டுத் துணியை எட்டிப் பார்த்தாள்.

"இப்படிக் கண்ணு கலங்கிக் கெடந்தா சிவப்பு எது கறுப்பு எதுன்னு புள்ளைக்கு எங்க தெரியும் டீச்சரம்மா?"

பிறகு டோர்கஸிடம் சொன்னாள்:

"பிரிச்சிட்டுக் கறுப்புல போடு கண்ணு. செத்தவ வந்து ஏன்னு கேக்கவா போறா?"

மிஸ் பார்ஜிட்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கத்தரியை மேசையில் வைத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

டோர்கஸ் மூன்று தையலையும் பிரித்தாள். துணியின் நெசவுக் கண்களில் சிவப்பு நூல் பிசிறு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதன் மேலேயே கறுப்பைப் போட்டாள்.

"இறுக்கிப் போடு. பின்னால பிரியக் கூடாது," என்றாள் சலவைக்காரி.

டோர்கஸ் தலை நிமிரவில்லை. திங்கட்கிழமைகளில் நிமிரக் கூடாது என்பது ஏற்பாடு. மேசை விளிம்பைப் பற்றியிருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன. சலவைக் கார நீரில் ஊறி வெளுத்து, நுனியெல்லாம் வெடித்திருந்தன.

இரண்டாம் எழுத்து முடியும்வரை அம்மா நின்று பார்த்தாள். பிறகு கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.