ஆற விட்ட இன்ஜின்

கணக்கு வாத்தியாரின் கார் அவ்வளவு பழசு. அதைச் செய்த கம்பெனியே மறந்திருக்கும், மெக்கானிக் மட்டும் மறக்கவில்லை.

"இன்ஜின் கொதிச்சுப் பத்து நாள் கழிச்சா சார் கொண்டு வர்றது?" என்று கடிந்துகொண்டே ஆயில் குச்சியை உருவி முகர்ந்தார். "தண்ணி கலக்கல. தெர்மோஸ்டாட் வால்வு திறக்காம மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான். இன்ஜின் ராஜாவாட்டம் இருக்கு. சூடு காட்டுற முள் சிவப்புக்குப் போனதும் நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேன். நீங்க சொன்னபடி இருபது நிமிஷம் ஆற விட்டேன்."

மெக்கானிக்குக்குப் பெருமை தாங்கவில்லை. "ஊர் பூரா தொண்டை கிழியச் சொல்றேன். காதுல வாங்கின ஒரே ஆள் நீங்கதான் சார்."

"நிறுத்தாம ஓட்டியிருந்தா எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

"அஞ்சு கிலோமீட்டர் தாராளமாப் போயிருக்கும். அப்புறம் இன்ஜினுக்குச் சங்குதான்."

"நிச்சயமா அஞ்சு போயிருக்குமா?"

"எழுதியே தரேன். ஏன் கேக்குறீங்க?"

வாத்தியார் பானெட்டை மூடி அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பின் சீட்ல வீட்டுக்காரி நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தா. ரோட்டுல வேற வண்டியே வரல. 'வண்டி ஆறட்டுங்க, எனக்கு ஒண்ணுமில்ல'ன்னா. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னாரு."

மெக்கானிக் கையிலிருந்த துணியால் எதையோ துடைக்கப் போனார். துடைக்க எதுவும் இல்லை.

"ஆஸ்பத்திரி அங்கேருந்து மூணு கிலோமீட்டர்தான்" என்றார் வாத்தியார்.