சரி மேடம்

“இன்னிக்காவது அந்த வாயைக் கொஞ்சம் கட்டிப்போட்டுட்டுப் போங்க,” என்றாள் மனைவி, அவன் சட்டையின் தோள்பட்டையைச் சரிசெய்தபடி.

அவன் துணை விமானி. வேலையில் குறை சொல்ல முடியாது. வாய்தான் சும்மா இருக்காது. “சார், இந்த உயரம் சரியா?”, “சார், எரிபொருளை இன்னொரு தடவை பார்த்துடலாமா?” என்று பக்கத்தில் இருக்கும் கேப்டனை நச்சரித்துவிடுவான். ‘இந்த ஆளோடு இனிமேல் பறக்க முடியாது’ என்று மூன்று கேப்டன்கள் மேலிடத்தில் சொல்லியாயிற்று. இன்னொரு புகார் போனால் அவன் சீட்டு கிழிந்துவிடும் என்று நண்பர்கள் எச்சரித்திருந்தார்கள்.

அப்படிப்பட்டவனை இன்று யாரோடு போட்டிருந்தார்கள் தெரியுமா? பிரம்பு மேடத்தோடு!

அந்தப் பட்டப்பெயரை அவர் காதுபடச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. கேப்டன்களிலேயே மூத்தவர். அவர் நடைபாதையில் வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரோரம் ஒதுங்குவார்கள்.

“தண்டனையாத்தான் போட்டிருக்காங்க,” என்றான் அவன்.

“தண்டனையோ என்னவோ, ‘சரி மேடம்’னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. பாப்பாவை இப்பத்தான் பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்கோம்.”

விமானத்தில் வழி நெடுக மனைவி சொன்னதைக் காப்பாற்றினான். மேடம் சொன்னதற்கெல்லாம் “சரி மேடம்.” அவரும் தேவைக்கு மேல் பேசவில்லை.

இறங்க வேண்டிய ஊரில் அப்போதுதான் மழை விட்டிருந்தது. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். வழிகாட்டும் கருவி பழுதாகியிருந்ததால் கண்ணால் பார்த்தே இறங்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து, “வலது ஓடுபாதையில் இறங்கலாம்” என்று அனுமதி வந்தது. அதை அவன்தான் திருப்பிச் சொன்னான்.

மேகத்துக்குக் கீழே வந்ததும் எதிரே ஓடுபாதை ஈரத்தில் பளபளத்தது.

“தெரியுது. இறங்கறேன்,” என்றார் மேடம்.

“சரி மேடம்.”

சொல்லிவிட்டு வலப்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அங்கே மேகம் விலகிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து இன்னொரு ஓடுபாதை மெல்ல வெளியே வந்தது.

வலதில் ஒன்று இருக்கிறதென்றால், எதிரே இருப்பது இடது!

இத்தனை வருட அனுபவம் உள்ளவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒருவேளை கடைசியில் வலப்பக்கம் திருப்புவாரோ? நாம் சொல்லப்போய் அது தப்பாகிவிட்டால், நாளைக்கே நான்காவது புகார்.

வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

இடது ஓடுபாதையின் முனையில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. கிளம்பத் தயாராக நிற்கும் இன்னொரு விமானம்.

“மேடம், இது இடது! நம்மது வலது! மேலே போங்க, மேலே போங்க!”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் சொல்லி முடிப்பதற்குள் விசைப்பிடியை முன்னே தள்ளிவிட்டார். விமானம் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. கட்டுப்பாட்டு அறையின் பதற்றக் குரல் அதற்குப் பிறகுதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் மேடம் பயணிகளிடம் பேச மைக்கை எடுத்தார். “நான் கேப்டன் பேசறேன். நாம இறங்க வேண்டிய ஓடுபாதையை விட்டுட்டுப் பக்கத்து ஓடுபாதைக்கு நேரா வந்துட்டேன். தப்பு என்னோடது. துணை விமானி கவனிச்சுச் சொன்னார். சுத்தி வந்து சரியான இடத்துல இறங்கப்போறோம்.”

இரண்டாவது முறை, பூப்போல இறங்கியது விமானம்.

பயணிகள் போன பிறகும் மேடம் எழுந்திருக்கவில்லை.

“எப்பப் பார்த்தீங்க?”

“கொஞ்சம் முன்னாடியே பார்த்துட்டேன், மேடம்.”

“பார்த்ததும் ஏன் சொல்லலை?”

கேட்டுவிட்டு எழுந்தார் மேடம். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தலைமை விமானி கூப்பிட்டு அனுப்பினார்.

“வாயைத் திறந்தீங்களா?” என்றாள் மனைவி, அவன் வீட்டிலிருந்து கிளம்பும்போது.

“திறந்தேன். அதுவும் லேட்டா.”

அலுவலகத்தில் தலைமை விமானி நாற்காலியைக் காட்டினார். “மேடம் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. விசாரணை முடியற வரைக்கும் பறக்கலைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. நீங்க இல்லைன்னா நேத்து என்ன ஆகியிருக்குமோ!”

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. கூடவே வாயும் வந்துவிட்டது.

“ஒண்ணு கேக்கலாமா, சார்? என்னைத் தண்டிக்கத்தானே அவங்களோட போட்டீங்க?”

தலைமை விமானி சிரித்துவிட்டார். “நான் எங்கேங்க போட்டேன்? மூணு பேர் உங்களை வேண்டாம்னு சொன்ன கதை அவங்க காதுக்குப் போயிருக்கு. நேரா இங்கே வந்து, ‘அவரை எனக்குக் கொடுங்க’ன்னாங்க. ‘மேடம், அந்த ஆள் ஓயாம குறுக்கே பேசுவாரே’ன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாங்க, சார்?”

“ ‘அதுக்குத்தான் கேக்கறேன். என் பக்கத்துல உக்கார்றவங்க எல்லாரும் எனக்குப் பயப்படறாங்க. எனக்கு அதுதான் பயமா இருக்கு’ன்னாங்க.”